சேதி மீன்

லோகாம்பாளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. வந்த கப்பல், போன கப்பல், ஏற்றிய துணி மூட்டை, இறக்கிய சாதிக்காய் எல்லாவற்றையும் கோட்டைக்குள் ஒருவன் எழுதிக்கொண்டேதான் இருந்தான். முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கருவாடு காயப்போட்ட ஒருத்தியைப் பற்றி எழுத அவனுக்கு என்ன தலையெழுத்து? அதனால் நான் சொல்வதெல்லாம் வாய்வழியாக வந்தது. அவளிடமே போய் இதைச் சொல்லியிருந்தால், "நீ பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாள். பார்க்கவில்லை. கேட்டவர்களிடம் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலையில், குதிரைப்படை வருகிறது, ஆரம்பாக்கத்தைத் தாண்டிவிட்டது என்று குப்பத்தில் ஒரே கூச்சல். அந்த நாளில் சண்டைக்குப் பஞ்சமில்லை, ஆகவே யாரும் நின்று யோசிக்கவில்லை. பிள்ளைகளையும் நெல்லுப் பானையையும் தூக்கிக்கொண்டு கிடைத்த படகில் ஏறி ஏரிக்குள் போனார்கள். வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் ஒரு படகு கவிழ்ந்தது. அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். பெரியவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். லோகாம்பாளின் குழந்தையை மறுநாள்தான் கோரைப் புதருக்குள் கண்டெடுத்தார்கள்.

குதிரை வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வருஷம் முழுக்க வரவில்லை.

குழந்தையைப் புதைத்த மறுநாள் லோகாம்பாள் பக்கத்துக் குடிசைக்காரியிடம் போய், குதிரை வருவதாக உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். அவள் வலை பின்னுகிறவனைக் கை காட்டினாள். அவன் மீன் வாங்க வந்த காட்டூர் வியாபாரியைச் சொன்னான். இவள் காட்டூருக்கு நடந்தாள். வியாபாரி வேறொருவனைச் சொன்னான். துக்க வீட்டுக்காரி இப்படித் தெருத்தெருவாக அலைவதைப் பார்த்து, பிள்ளை போன துயரத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நாலு நாள் நடந்து, ஏழு ஆளைக் கடந்து, ஆரம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு மாட்டுக்காரனிடம் போய் நின்றாள். அதற்கப்பால் கை காட்ட அவனுக்கு ஆள் இல்லை.

"புழுதி கெளம்பிச்சும்மா. மாட்டு மந்தையா, குதிரையா, ஒண்ணும் தெரியல. குதிரை மாதிரி கீதேன்னு சொன்னேன். குதிரைன்னு நான் சொல்லவே இல்லியே" என்றான் அவன்.

அவள் அவனைத் திட்டவில்லை. திரும்பி நடந்தாள். அந்தப் பெண்ணின் பாடங்களெல்லாம் அந்த நாலு நாள் நடையில் பிறந்தவை. பெற்ற பிள்ளையைக் கொடுத்து வாங்கிய படிப்பு.

அதற்குப் பிறகு, கருவாடு காயும் மணலில் உட்கார்ந்து பெண்கள் மீனைக் கீறி உப்பு வைக்கும்போது, அவளும் உட்கார்ந்து அதைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் அவளை வாத்தியார் என்று அழைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் வாத்தியாராக முடியுமா? ஆனால் எந்தச் சேதி வந்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் அதை நம்பக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். யார் கண்ணால் பார்த்தது? எப்போது பார்த்தது? அதை வேறு யார் சொல்கிறார்கள்? கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள் அல்லவா, அந்த நெய்யை நக்கிப் பார்க்காமல் விடாதே என்பாள்.

வெறும் வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில், காட்டூரில் ஒரு கிழ மாடு செத்துப்போனதாக ஒருத்தி காதில் மட்டும் போட்டாள். மத்தியானம் அது காட்டூர் மாடுகளுக்கெல்லாம் கோமாரி என்று திரும்பி வந்தது. சாயங்காலம் மனுஷனுக்கும் பரவிவிட்டது, இரண்டு பிணம் என்றார்கள். மறுநாள் எல்லாரையும் உட்கார வைத்து, யார் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று வரிசையாகச் சொல்ல வைத்தாள். சிரித்துச் சிரித்து மீன் கீறும் கத்தியைக் கீழே போட்டார்கள். பிணத்தைச் சேர்த்தது யார் என்று பார்த்தால், அது ராஜாத்தி. படகுக்காரன் வேலுவின் பெண்சாதி, வாயாடி, கெட்டிக்காரி. அன்றையிலிருந்து லோகாம்பாளின் முதல் சிஷ்யை அவள்தான்.

ஓலை வந்தாலும் இதே சட்டம்தான். குப்பத்துக்கு வரும் ஓலையைப் பழவேற்காட்டில் அப்துல் லத்தீப் என்ற கணக்கர் படித்துச் சொல்வார். நல்ல மனுஷர், மனசு இளகியவர். அதுதான் ஆபத்து. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன் தன் பெண்சாதிக்கு அனுப்பிய ஓலையை அவர் படித்தபோது எல்லாம் சுகமாக இருந்தது. லோகாம்பாள் அதை வாங்கிக்கொண்டு போய், ஒன்றும் சொல்லாமல், கோயில் கணக்குப்பிள்ளையிடம் நீட்டினாள். ஓலை அனுப்பியவன் அங்கே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டது அப்போதுதான் தெரிந்தது. ஓலையும் ஒரு ஆள்தான், இரண்டு பேரை வைத்துக் கேட்க வேண்டும் என்றாள். லத்தீப் அதற்காகக் கோபிக்கவில்லை. பிறகு ஓலை படிக்கும்போது, "இன்னொருத்தருகிட்டயும் காட்டிக்கம்மா" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

அந்தக் குப்பத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கப்பலுக்குப் போனவனைப் பற்றி நல்ல சேதி கொண்டு வருபவனுக்கு, வீட்டுக்காரி தன் கூடையிலிருந்து நல்ல மீனாக ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். சேதி மீன் என்று அதற்குப் பெயர். சாவுச் சேதி கொண்டு வந்தவனோ ஏரியில் தலைமுழுகிவிட்டு மூன்று நாள் வலையையும் படகையும் தொடக் கூடாது. நல்லதைச் சொன்னால் மீன், கெட்டதைச் சொன்னால் மூன்று நாள் பட்டினி. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு உண்மை நடந்து வரும் என்று காத்திருந்தார்களே, அவர்களை என்ன சொல்வது? செல்வம்மாள் என்று ஒருத்தி, கடலில் என்றைக்கோ போய்விட்ட புருஷனுக்காக இரண்டு வருஷத்தில் ஆறு மீன் கொடுத்தாள். ஆறு பேரும் மனசாட்சியோடு வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தார்கள். லோகாம்பாள் அந்தப் பழக்கத்தை ஒழிக்கவில்லை. மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் மீன் என்று மட்டும் மாற்றினாள். அதன்பின் குப்பத்தில் பொய்ச் சேதி குறைந்தது.

இரண்டு வருஷம் மழை பொய்த்து, ஏரி வற்றி உப்பாகப் பொரிந்தபோது, அவள் புருஷன் சிங்காரம் கப்பல் வேலைக்குப் புறப்பட்டான். கோட்டைக் கப்பல் இல்லை, யாரோ ஒரு தனி வியாபாரியின் கப்பல். மலாக்காவுக்குப் போய்த் திரும்பும் என்றார்கள். கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றையும் கேட்டு, பதில் எல்லாம் சரியாக இருந்து, பிறகுதான் அவனை அனுப்பினாள். துணைக்கு அவன் சித்தப்பா மகன் கோதண்டமும் போனான். இரண்டாம் வருஷம் மாசி மாதம் கோதண்டம் மட்டும் திரும்பி வந்தான்.

கப்பல் வெளியே நங்கூரம் போட்டதும், அவனைக் கரைக்குக் கொண்டு வந்தது வேலுவின் படகு. படகிலேயே அவன் வேலுவிடம் சொல்லிவிட்டான். கப்பலில் காய்ச்சல் வந்தது, அண்ணன் போய்விட்டது. வேலு அவனை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ராஜாத்தியிடம் விட்டான்.

ராஜாத்தி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அக்காகிட்ட சொல்லக் கூடாது" என்றாள்.

"எப்பிடி சொல்லாம இருக்கிறது?" என்றான் கோதண்டம்.

"பிள்ளையும் போச்சு. இதுவும் போச்சுன்னா அது இன்னாத்துக்கு உசுரோட இருக்கும்? ரெண்டு வருசம் போவட்டும். மெள்ள சொல்லிக்கலாம்."

அவளை நான் குறை சொல்லப் போவதில்லை. லோகாம்பாளின் மேல் அவள் வைத்திருந்த பிரியம் பொய்யில்லை. இன்னொன்றும் இருந்தது. தாலியறுத்தவள் படகு புறப்படும் நேரத்தில் கரையில் நிற்கக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். லோகாம்பாள் கரையில் இல்லாத குப்பத்தை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே நாலைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து, கோதண்டத்தை நடுவில் வைத்து, பொய்யை முடிச்சு முடிச்சாகப் பின்னினார்கள். ராஜாத்தியே லோகாம்பாளாக இருந்து கேள்வி கேட்டாள். அவன் தடுமாறிய இடத்திலெல்லாம் திருத்தினாள். அதே கப்பலில் கூடப் போய்த் திரும்பிய ஆரம்பாக்கத்து லோகநாதனுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லி வைத்தார்கள். மத்தியானம் கோதண்டத்துக்குச் சோறும் நண்டும் போட்டு, முகத்தைக் கழுவச் சொல்லி அனுப்பினார்கள்.

லோகாம்பாள் கருவாட்டு மணலில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அண்ணன் நல்லாக்கீது அண்ணி" என்றான்.

"யாரு கண்ணால பாத்தது?"

"நான்தான். என் கண்ணால."

"எப்போ?"

"ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளு. மலாக்காவுல ஒரு செட்டியாரு கெடங்குல காவலுக்கு நிக்குது. ரெண்டு வருசம் இருந்துட்டு வரேன்னு சொல்லி அனுப்பிச்சு."

"வேற யாரு சொல்றாங்க?"

"ஆரம்பாக்கத்து லோகநாதன் எங்கூடதான் இருந்தான். அவனக் கேட்டுப் பாரு அண்ணி."

மறுநாளே அவள் ஆள் விட்டுக் கேட்கப் போகிறாள், லோகநாதனும் அதையே சொல்லப் போகிறான். அதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் அன்றைக்கு, மூன்று பதிலும் வந்தவுடன், லோகாம்பாள் குனிந்து தன் கூடையிலிருந்து ஒரு பெரிய மடவை மீனை எடுத்து அவனிடம் நீட்டினாள். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். கோதண்டம் அந்த மீனைப் பார்த்தான். கை எழவில்லை.

"வேணா அண்ணி. வயித்துல புண்ணு. மீனு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான்.

அவ்வளவு பேர் கூடி யோசித்தார்களே, மீனை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. செத்தவன் பெயரில் மீன் வாங்கித் தின்ன அந்தப் பையனுக்கு மனசு வரவில்லை.

லோகாம்பாள் மடவையைத் திரும்பக் கூடையில் வைத்தாள். கோதண்டம் வருவதற்குச் சற்று முன்னால்தான் ராஜாத்தி வீட்டுப் பக்கம் போய், வாசலில் அவன் நண்டு ஓட்டைக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து, குளித்துச் சாப்பிட்டு வரட்டும் என்று காத்திருந்தவள் அவள். நண்டு ஒத்துக்கொள்ளும் வயிற்றுக்கு மீன் மட்டும் ஒத்துக்கொள்ளாதா?

அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது என்றுதான் நான் நம்புகிறேன். தெரிந்தும் அவள் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கேள் கேள் என்று சொல்லிக் கொடுத்தவள், தனக்கென்று வந்தபோது வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் அவன் செத்துப்போவான். கேட்காத வரைக்கும் மலாக்காவில் ஒரு கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருப்பான். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதம் போனது. மஞ்சள் பூசிக் குளித்தாள். பூ வைத்துக்கொண்டாள். பெண்கள் அவளைப் பார்த்து, நல்ல வேளை, நாம் செய்தது சரிதான் என்று சந்தோஷப்பட்டார்கள். அவளும் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆவணியில் குப்பத்துக்கு ஒரு தரகன் வந்தான். கடல் தாண்டித் தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும், மூன்று வருஷம், சோறும் துணியும் உண்டு, திரும்பி வரும்போது ஒரு படகு வாங்கலாம் என்றான். அந்த வருஷமும் மழை இல்லை. பதினோரு பேர் போகிறேன் என்றார்கள். வேலு அதில் ஒருவன். மறுநாள் காலையில் தரகனின் படகு கரையில் வந்து நின்றது, கைநாட்டுக்கு ஓலையும் வந்தது.

பெண்கள் சும்மா விடவில்லை. படித்த பாடம் எங்கே போகும்? அவனைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டார்கள். அங்கே போனவன் நன்றாக இருப்பதை யார் கண்ணால் பார்த்தது?

தரகன் சிரித்தான். "இன்னாம்மா, என்னக் கேக்குறீங்க? உங்க ஊரு சிங்காரம் மலாக்காவுல கெடங்குக்காரனா கீறான். ஐப்பசியில பாத்துட்டு வந்து சொன்னவன் உங்க ஆளு. ஆரம்பாக்கத்துலயும் சொல்றாங்க" என்றான்.

மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் வந்துவிட்டது. ராஜாத்தி புருஷனைப் பார்த்தாள், வேலு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரியுமே. தெரிந்தும் ஏன் போகத் துணிந்தான்? சிங்காரம் செத்தது காய்ச்சலில்தானே, நமக்கு ஏன் காய்ச்சல் வரப்போகிறது என்று பசி சொல்லிக் கொடுத்திருக்கும். மற்ற பத்துப் பேருக்கு அதுகூடத் தெரியாது. அவர்களுக்குச் சிங்காரம்தான் சாட்சி. அவர்களில் ஒருவன் லோகாம்பாளைப் பார்த்து, "நீயே சொல்லுக்கா. அண்ணன் நல்லாத்தான கீது?" என்று கேட்டான்.

ராஜாத்தி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் லோகாம்பாளின் தாலி போகும், சொல்லாவிட்டால் வேலு போவான். திறந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

லோகாம்பாள் அவளைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பின்னால் நின்ற கோதண்டத்தைப் பார்த்தாள்.

"கோதண்டம், அன்னிக்கு ஏன் மீன எடுத்துக்கல?"

"வயித்துல புண்ணு அண்ணி."

"அன்னிக்கு மத்தியானம் ராஜாத்தி ஊட்டுல நண்டு துன்ன. வேற யாரும் சொல்லல. என் கண்ணால பாத்தேன்."

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்போ போச்சு?" என்றாள் அவள்.

"தெரியல அண்ணி. ஆடியா, ஆவணியா, அது கூட தெரியல. எனக்கும் காய்ச்ச. கண்ணு தொறந்தப்ப பக்கத்துல அண்ணன் இல்ல. கடல்ல எறக்கிட்டோம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"லோகநாதன். அவன்தான் கால் பக்கம் புடிச்சானாம்."

அந்தப் பதிலில் ஓட்டை இருந்தது. நாள் தெரியாது, நேரம் தெரியாது, சொன்னவன் பார்க்கவும் இல்லை. மாசியில் சொன்னது எவ்வளவு அழகாக, ஓர் இழைகூட அறாமல் இருந்தது. கரையில் நின்ற ஒருவருக்கும் எது மெய் என்று சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பத்துப் பேர் ஓலையை விட்டு விலகி நின்றார்கள். கடைசியாக வேலுவும் விலகினான். தரகன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்த படகிலேயே போனான். அவன் கூட்டிப்போன வேறு குப்பத்து ஆட்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்று பிற்பாடு கேள்வி.

லோகாம்பாள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டாள். யாரையும் கிட்டே வர விடவில்லை. ராஜாத்தி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு, "உனக்காவத்தான்க்கா" என்று கதறினாள்.

"தெரியும். நல்லாத்தான் கத்துக்கினீங்க" என்றாள் லோகாம்பாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ராஜாத்திக்குத் தாங்க முடிந்திருக்கும்.

அதன் பிறகு பத்தொன்பது வருஷம் அவள் உயிரோடு இருந்தாள். படகு புறப்படும் நேரத்தில் கரைக்கு வந்ததில்லை. செத்த நாள் தெரியாததால் ஒவ்வொரு அமாவாசைக்கும் அவனுக்குச் சோறு வைத்தாள். பெண்கள் குடிசைக்கே வந்து, கேட்ட சேதியை அவள் முன்னால் போட்டார்கள், அவளும் கேள்வி கேட்டாள். ராஜாத்தி மட்டும் வந்தால் வெளியிலேயே நிற்பாள். உள்ளே வா என்று இவள் கூப்பிட்டும் வரமாட்டாளாம்.

கோதண்டம், தரகன் போன அன்றைக்கே ஏரியில் தலைமுழுகி, வழக்கப்படி மூன்று நாள் வலை தொடாமல் இருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் குடிசைக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"கடைசியில என்னப் பத்தி எதனா சொல்லிச்சா?" என்று அவள் கேட்டாள்.

ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. உன் பெயரைச் சொல்லித்தான் கண் மூடியது என்று அவன் சொல்லியிருக்கலாம். யாருக்கு நஷ்டம்? அவனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்.

"தெரியல அண்ணி. நான் கேக்கல."

"லோகநாதனக் கேட்டியா?"

"கேட்டேன். அவனும் ஒண்ணும் கேக்கலையாம்."

லோகாம்பாள் தலையை ஆட்டினாள். இன்னும் ஏதோ கேட்கப் போகிறவள் போல வாயெடுத்தாள். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.